கறுப்புத் துணிக்கு முன்னால்

கேமராவின் தலையில் இருக்கும் சக்கரம் திரும்பவில்லை. குனிந்து பார்த்தேன். கரண்டு வேலைக்காரர்கள் ஒயரில் சுற்றுகிற கறுப்பு டேப்பைத் துண்டாக வெட்டி, சக்கரம் நகராதபடி ஒட்டியிருந்தது. சக்கரம் பச்சைக் கட்டத்தில் நின்றது. அந்தக் கட்டத்துக்கு ஆட்டோ என்று பெயர். அங்கே வைத்துவிட்டால் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுவது என்பதைக் கேமராவே தீர்மானித்துக்கொள்ளும். பட்டனை அமுக்குவது மட்டும்தான் நம் வேலை.

"என்னங்க, இதுல டேப்பு ஒட்டியிருக்கு."

என் கணவர் சஃபியுல்லா முற்றத்தில் நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நாந்தான் ஒட்டுனேன். நீ கண்டபடி திருகி வச்சிடுறே. நம்மளவிட அதுக்கு அறிவு ஜாஸ்தி. அதும்பாட்டுக்கு விடு."

நான் பதில் சொல்லவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பதில் சொல்லாமல் இருப்பதற்குத்தான் எனக்கு நல்ல பெயர். 'எங்க ஜொஹராவுக்கு வாயே கெடையாது' என்று மாமி, அவருடைய அம்மா, வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். நூலகத்துப் புத்தகம் ஒன்று மடியில் இருந்தால் ஒரு பகல் முழுக்க யாரோடும் பேசாமல் என்னால் இருக்க முடியும். அன்றும் அப்படித்தான் இருந்தேன். கேமராவை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கத்தரிக்காய் நறுக்கினேன். குழம்புக்கு வேண்டியதற்கு மேல் நறுக்கிவிட்டேன்.

அந்தக் கேமராவைக் கொண்டுவந்தது அவர்தான். முந்தின விடுமுறைக்கு வந்தபோது, தான் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் கடையிலிருந்து வாங்கிவந்தார். "வீட்டுல எல்லாரையும் எடுத்து வையி" என்று கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளை இல்லாத வீட்டில் யாரை எடுத்து வைப்பது? பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் பிரித்தேன். கதைப் புத்தகம் படிக்கிற மாதிரி முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தேன். புரியாத இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒரு நாள் மாமியின் வெள்ளைத் துப்பட்டியும் என் கறுப்புப் புர்காவும் கொடியில் அடுத்தடுத்துக் காய்ந்தன. ஆட்டோவில் வைத்து, துப்பட்டி மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். புர்கா மட்டும் தெரிகிற மாதிரி இன்னொன்று. திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். அடுப்புச் சாம்பல் நிறம். வெள்ளையைப் பார்த்த கேமரா வெளிச்சம் அதிகம் என்று பயந்து அதை மங்க வைத்துவிட்டது. கறுப்பைப் பார்த்து வெளிச்சம் போதவில்லை என்று வெளுத்துவிட்டது. முன்னால் நிற்பது துப்பட்டியா புர்காவா என்று அதற்குத் தெரியாது. எது நின்றாலும் சாம்பலாக்கிவிடப் பார்க்கும். அவர் சொல்கிற அறிவு இதுதான்.

சக்கரத்தை எம் என்ற எழுத்துக்குத் திருப்பினால் அந்த அறிவு ஒதுங்கிக்கொள்ளும். உள்ளே ஒரு அளவுகோலும் ஒரு முள்ளும் மட்டும் தெரியும். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், எவ்வளவு அகலம் திறக்க வேண்டும் என்று நாம்தான் வைக்க வேண்டும். தப்பாகப் போனால் அது நம் தப்பு. எங்கள் கிணற்றடியில் பூசிவிட்டு வெள்ளையடிக்காமல் விட்ட சிமெண்டுச் சுவர் ஒன்று உண்டு. அது நல்ல சாம்பல் நிறம். முதலில் அந்தச் சுவரை மட்டும் பார்த்து முள்ளை நடுவில் நிறுத்திக்கொள்வேன். பிறகு எண்களைத் தொடாமல், அதே வெளிச்சத்தில் எதை வைத்து எடுத்தாலும் வெள்ளை வெள்ளையாக வந்தது, கறுப்பு கறுப்பாக வந்தது. இது பிடிபட்ட அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்வதற்கு அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

கமர் நிஷா, என் கணவரின் தங்கை. அண்ணனை நானா என்றும், அண்ணன் மனைவியான என்னை மச்சி என்றும் கூப்பிடுவாள். கோட்டுச்சேரியில் ஒரு சின்ன இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் பஸ்ஸில் போய், சாயங்காலம் புர்கா முழுக்கச் சாக்பீஸ் தூளோடு திரும்பி வருவாள். நல்ல கறுப்பு. அண்ணனும் அதே கறுப்பு. இறந்துபோன வாப்பாவும் அதே கறுப்புதானாம். ஆண்கள் இரண்டு பேரின் கறுப்பைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

கமருக்கு இரண்டு சம்பந்தங்கள் வந்து கலைந்திருந்தன. இரண்டுக்கும் படம் எடுத்தது தருமபுரம் போகிற வழியில் இருந்த ஒரு ஸ்டூடியோவில். கறுத்த பெண் வந்தால் அந்த ஸ்டூடியோக்காரர் ஒரு வேலை செய்வார். பின்னால் கறுப்பு வெல்வெட் துணியைக் கட்டுவார். பெண்ணைக் கருநீலத்தில் உடுத்திவரச் சொல்வார். கேமராவை ஆட்டோவில் வைப்பார். சுற்றிலும் இருட்டைப் பார்த்த கேமரா, எல்லாவற்றையும் சேர்த்து வெளுக்கும். துணி சாம்பலாகும். நடுவில் இருக்கும் முகம் கோதுமை மாவு மாதிரி வந்துவிடும்.

முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் திருமலைராயன்பட்டினம். மாப்பிள்ளையின் உம்மா வட்டலப்பத்தைச் சாப்பிட்டு முடித்து, ஷர்பத் தட்டோடு நின்ற கமரைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி கமரைப் பார்த்தார்.

"படத்துல உள்ளது இவங்க தங்கச்சியா? அவங்க எங்க, வெளிய போயிருக்காங்களா?"

கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கமர்தான் பதில் சொன்னாள்.

"அவ ஸ்டூடியோவுலயே இருக்கா மாமி. கறுப்புத் துணிய விட்டு வரமாட்டேங்கறா."

வந்தவர்கள் போன பிறகு, "இந்த வாயி, இந்த வாயிதான்" என்று மாமி அவள் தோளில் அடி அடியென்று அடித்தார். கமர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். இரண்டாவது தடவை வந்தவர்கள் எதுவும் கேட்கவில்லை. படத்தை நாற்காலியிலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தடவை கமர் சிரிக்கவில்லை.

மூன்றாவதாக வந்தது நாகூர்ச் சம்பந்தம். மாப்பிள்ளை புருனேயில் இருந்தார். அவருக்குப் படத்தை ஈமெயிலில் அனுப்ப வேண்டும், அவர் சரியென்றால் வீட்டு ஆட்கள் நேரே நிச்சயத்துக்கு வந்துவிடுவார்கள் என்றார் தரகர். ஈமெயில் முகவரி எழுதின துண்டுத்தாள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் அடியில் இருந்தது. என் கணவருக்கு நிம்மதி. "வந்து பாக்கற தொல்லையே இல்ல. படம் மட்டும் நல்லா வந்துட்டாப் போதும்" என்றார்.

அன்று சாயங்காலம் கமர் கிணற்றடிக்கு வந்தாள். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

"மச்சி, நான் ஸ்டூடியோவுக்குப் போகல. நீங்க எடுங்க. இந்தச் சுவத்துக்கிட்ட நிக்க வச்சு எடுங்க."

"உங்க நானா என்ன சொல்லுவாங்க?"

"என்னமோ சொல்லட்டும். ஸ்டூடியோ படத்தப் பாத்து அவரு சரின்னுட்டா, நிக்காஹ் முடிஞ்சு மாப்புள்ளய உள்ளார கூட்டிட்டு வருவாங்கள்ல? முக்காட்டத் தூக்குவாங்கள்ல? அப்ப அந்த மனுசன் மூஞ்சி போற போக்க நான் பாக்கணும் மச்சி. அந்த அம்மா படத்தயும் என்னயும் மாத்தி மாத்திப் பாத்தாங்களே, அந்த மாதிரி. அதப் பாத்துட்டு அவரோடயே நான் காலம் பூரா குடித்தனம் பண்ணணும்."

வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் குழாயை மூடவில்லை.

மறுநாள் காலையில் எடுத்தேன். சுவரைப் பார்த்து முள்ளை நிறுத்தினேன். நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி, அகலம் ஐந்து புள்ளி ஆறு. கமரை நிற்க வைத்தேன். கேமராவுக்குள் அந்த முள் உடனே இடப்பக்கம் சாய்ந்தது. வெளிச்சம் போதாது, இன்னும் திற, இன்னும் திற என்கிற மாதிரி. நான் திறக்கவில்லை. அமுக்கினேன்.

படத்தில் கமர் கறுப்பாக இருந்தாள். கன்னத்து மேட்டில் வெளிச்சம் எண்ணெய் மாதிரி நின்றது. மேலுதட்டில் வியர்வை தெரிந்தது. புருவத்தின் நடுவில் சின்ன வயதில் விழுந்த தழும்பு தெரிந்தது. ஸ்டூடியோ படங்கள் எதிலும் அந்தத் தழும்பு இருந்ததில்லை.

"நாந்தான்" என்றாள். பிறகு, "மொறைக்கிறேன்ல?"

"எப்பவும் அப்படித்தானே பாக்குறே."

"அப்ப சரி. அதயும் பாத்துக்கட்டும்."

என் கணவர் அந்தப் படத்தை மத்தியானமே அழித்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கடைத்தெருவுக்குப் போய் அவரே கறுப்பு வெல்வெட் வாங்கிவந்தார். ஹாலில் ஆணியடித்துக் கட்டினார். கமர் முடியாது என்றாள். மாமி அழ ஆரம்பித்தார். வாப்பா இல்லாத வீடு, நான் கண்ணை மூடினால் உனக்கு யார், என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். கமர் போய்க் கருநீலத்தைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். என் கணவர் பச்சைக் கட்டத்தில் வைத்து அமுக்கினார். சாயங்காலம் ப்ரௌசிங் சென்டருக்குப் போய் அனுப்பிவிட்டும் வந்தார். மறுநாள் காலை சக்கரத்தில் டேப் இருந்தது.

அன்று மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றும்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"ஏன் அழிச்சீங்க?"

"எத?"

"நான் எடுத்தத."

"அது ஒரு படமா? இருட்டுல கெடக்கற மாதிரி. நான் என்ன பொய்யா சொல்லிட்டேன்? பவுடர் பூசினேனா? கம்ப்யூட்டர்ல போட்டு வெளுக்க வச்சேனா? ஆட்டோல வச்சேன், அமுக்குனேன். கேமராவா எடுத்தது. நான் ஒண்ணுமே செய்யல."

"துணிய யாரு கட்டுனா? கேமராவா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மாமியின் கை நின்றது.

"நம்ம நிக்காஹ் படம் அலமாரியில இருக்கு" என்றேன். "உங்களுக்குப் பின்னாடி யாரும் துணி கட்டலியே."

"ஆம்பளைக்கு எதுக்குடி கட்டணும்?" என்றார் மாமி.

என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ என் தங்கச்சி. ரூம்ல ஆறு பேரோட படுத்துக்கிட்டு, இவளுக்கு ஒண்ணும் அமையலியேன்னு தூங்காம கெடக்கறவன் நான். உனக்கு என்ன தெரியும்?"

அது உண்மை. அவர் தூங்காமல் கிடந்திருப்பார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு வழியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். பாசத்தில் ஒருத்தியின் முகத்தை அழித்துவிட்டு, நான் ஒன்றுமே செய்யவில்லை, கேமரா செய்தது என்று சோறு தின்கிறவரை என்ன செய்வது? அவருக்கு நான் மோர் ஊற்றினேன். அப்படிப் பழகிப்போன கை.

சில நாளில் நாகூரிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது. மாமி போனை வைத்த கையோடு பக்கத்து வீடுகளுக்கு லட்டு கொடுத்தனுப்பினார். என் கணவர் நிச்சயத்துக்கு நாள் பேச நாகூர் போவதாகச் சொன்னார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கமர் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"எது புடிச்சிருக்காம்?"

"என்னடி கேள்வி இது? உன்னத்தான்" என்றார் மாமி.

"என்ன எங்க பாத்தாரு?"

மாமி ஒரு லட்டை அவள் வாயில் திணித்தார். அவள் அதை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போனதும் நகத்தால் டேப்பைக் கிள்ளி உரித்தேன். சக்கரத்தில் பசை ஒட்டிக்கொண்டது. கமர் அன்று அரை நாள் லீவு போட்டிருந்தாள். உச்சி வெயில். சுவரோரம் மட்டும் நிழல் விழுந்திருந்தது. முன்பு வைத்த எண்கள் உதவவில்லை. மறுபடி சுவரைப் பார்த்து, மறுபடி முள்ளை நிறுத்தினேன். அவள் அதே இடத்தில் வந்து நின்றாள். கூடுதலாக ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஒன்றே எடுத்தேன்.

மறுநாள் அவர் நாகூர் போனார். நானும் கமரும் புர்காவைப் போட்டுக்கொண்டு, ஃபிரிட்ஜ் கதவில் இருந்த துண்டுத்தாளையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ப்ரௌசிங் சென்டருக்குப் போனோம். பிளைவுட் தடுப்புக்குள் ஒரே நாற்காலி. அவள் உட்கார்ந்தாள், நான் பின்னால் நின்றேன். கேமராவிலிருந்து படங்களை இறக்கித் தந்துவிட்டு சென்டர்க்காரர் போய்விட்டார். கறுப்புத் துணிப் படமும் சுவர்ப் படமும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

கமர் கறுப்புத் துணிப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகாகத்தான் இருந்தது.

"இவ நல்லாருக்கா மச்சி. சண்டையே போடமாட்டா போல."

"கமரு, அனுப்புனா போயிடும். திரும்ப வாங்க முடியாது."

"தெரியும்."

"இன்னும் யோசிக்கணும்னா..."

"தெரியும்னேன்ல மச்சி."

இங்கிலீஷ் எழுத்தில் தமிழை ஒவ்வொன்றாகத் தட்டினாள். 'முன்னாடி வந்த படம் கறுப்புத் துணிக்கு முன்னாடி எடுத்தது. இது எங்க வீட்டுச் சுவத்துக்கு முன்னாடி எடுத்தது. நான் சுவத்துக்கு முன்னாடி இருக்கற மாதிரிதான் இருப்பேன்.' கீழே தன் பெயரை முழுதாகப் போட்டாள். மவுஸின் மேல் நான் கை வைக்கப் போனபோது தட்டிவிட்டாள்.

"நீங்க அமுக்காதீங்க. அப்புறம் நீங்க பண்ணதா ஆயிடும்."

அவளே அமுக்கினாள்.

போன் வந்தபோது நாங்கள் எல்லோரும் வீட்டில் இருந்தோம். மாமிதான் எடுத்தார். ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், போகப்போக அந்த ம்மையும் விட்டுவிட்டார். ரிசீவரைச் சரியாக வைக்கக்கூட இல்லை.

"வேணாமாம். மாப்புள்ளைக்கு இப்ப கல்யாணத்துலயே நாட்டம் இல்லையாம். என்னமோ ரெண்டாவது ஒரு படம் வந்துச்சாமே? எந்தப் படம்? யாரு அனுப்புனா?"

என் கணவர் மேசையில் இருந்த கேமராவைப் பார்த்தார். டேப் இல்லாத சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீதானா?"

நான் எழுந்து நின்றேன். எனக்கு முன்னால் கமர் வந்து நின்றாள்.

"நாந்தான் நானா. மச்சி எடுத்தாங்க. நான் என் கையால அனுப்புனேன்."

"அறிவிருக்கா உனக்கு? கூடி வந்தத இப்படிக் கெடுத்துட்டியே! இனிமே எவன் வருவான்? எவன் வருவான்னு சொல்லு!" அவர் குரல் முற்றத்தைத் தாண்டித் தெருவுக்குப் போயிருக்கும். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

கமர் குரலை உயர்த்தவில்லை. "முன்ன வந்தவங்க ரெண்டு பேரும் படத்துல இருந்தவளத் தேடிட்டு, காணோம்னு போனாங்க. நான் அவளுக்காக வெக்கப்பட்டுக்கிட்டு நின்னேன். இவருதான் மொத மொதல்ல என்னயப் பாத்து வேணாம்னாரு." அண்ணனை நேராகப் பார்த்தாள். "எனக்குக் கோவம் வருது நானா. அந்தாள் மேல. நல்லா வருது."

மாமி அழுதார். கமர் அழவில்லை. உள்ளே போய், மடித்து வைத்திருந்த வெல்வெட் துணியை எடுத்துக்கொண்டு வந்து ஹால் நடுவில் தரையில் உட்கார்ந்தாள்.

"மச்சி, கத்திரிக்கோல் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். அவள் துணியை விரித்து, கையகலத் துண்டுகளாக வெட்ட ஆரம்பித்தாள். வெல்வெட்டைக் கத்திரிக்கோல் சுலபமாக வெட்டவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள்.

"நல்ல துணிய எதுக்குடி வெட்டறே?" என்றார் என் கணவர். குரலில் பழைய உரம் இல்லை.

"போர்டு அழிக்க. ஸ்கூல்ல டஸ்டர் பத்தல."

அவர் கேமராவின் சக்கரத்தை மறுபடி பச்சைக் கட்டத்துக்குத் திருப்பினார். பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு போய்த் தன் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வைத்தார். நான் பின்னாலேயே போனேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை வெளியே எடுத்தேன். சக்கரத்தை மறுபடி எம்முக்குத் திருப்பினேன். பசை விரலில் ஒட்டியது. என் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹாலில் கத்திரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.